பித்தளையில் துரு

நான் முதன்முதலாகச் சாணை மிஷினை ஓட்டிய அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் மணல் வாளியோடு வந்து நின்றார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து பொறி பறப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சிவகாசியைச் சுற்றி இருக்கிற எங்களுக்குப் பொறி என்றால் வேறு மாதிரி. ஊர் உலகத்துக்கெல்லாம் பொறி செய்து பெட்டி போட்டு அனுப்புவோம். நம் வீட்டுப் பக்கம் ஒன்று தெரிந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவோம். கண்ணில் கண்ணாடியும் மூக்கில் துண்டுமாக நான் ஒரு இரும்புத் துண்டைக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்ததும் மூவரும் வாளியைக் கீழே வைத்தார்கள். "கத்தி செய்யுறேன்" என்றேன். "யாரைக் குத்த?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார்.

யாரையும் குத்துவதற்கில்லை. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். வீடு ஆனைக்குட்டத்தில். காலண்டர், நோட்டு, பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் கடைசியில் என் கைக்கு வந்துதான் ஓரம் நறுக்கி மனுஷ ரூபத்துக்கு வரும். அந்த மிஷினில் ஒரு பிளேடு உண்டு. ஒரு கட்டுக் காகிதத்தை ஒரே இறக்கில் வெட்டுகிற உருக்கு. தீட்டித் தீட்டித் தேய்ந்து, இனி மிஷினில் பூட்ட முடியாது என்கிற அளவுக்கு ஒடுங்கியதும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். வயசான ஆளைத் திருவிழாவில் தொலைத்துவிட்டு வருவது போல இருக்கும் எனக்கு. ஒருநாள் முதலாளியிடம் கேட்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டேன்.

மீதியெல்லாம் போன் செய்த கெடுதி. போனில் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் நாள் முழுக்கக் கத்தி செய்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்தால் முறுக்குப் பிழிவதைவிடச் சுலபமாகத் தெரியும். அச்சகத்தில் ஓய்வு கொடுத்த ஒரு மோட்டாரைப் பிடித்து, வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்து, உப்புத்தாள் பெல்ட் ஓடுகிற மாதிரி ஒரு மிஷினைக் கட்டினேன். அதுதான் மேலே சொன்ன மணல் வாளி மிஷின்.

கத்தி செய்வதில் கஷ்டம் எல்லாம் சரிவில் இருக்கிறது. கத்தியின் முதுகிலிருந்து வாய் வரைக்கும் இரண்டு பக்கமும் இறங்கி வருகிறதே, அந்தச் சரிவு. இரண்டும் ஒரே அளவாக இறங்கி, வாயில் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போது முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கையை ஆட்டாமல் இடுப்பை ஆட்டி, பெல்ட்டின் குறுக்கே கத்தியை நகர்த்த வேண்டும். கை ஆடினால் சரிவு அலை அலையாக வரும். நுனியில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் நுனி காகிதமாகிவிடும். சூடு ஏறினால் உருக்கு நீலம் பாரித்துவிடும், அதன்பின் அது கத்தி இல்லை, தகடு. நான் இடுப்பை ஆட்டிப் பழகுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த என் மனைவி, "கரகாட்டத்துக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்கிட்டீகளா?" என்று கேட்டாள்.

வலப்பக்கச் சரிவு எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இடப்பக்கம்தான் வராது. கத்தியைத் திருப்பிப் பிடித்ததும் என் இரண்டு கைகளும் சம்பந்தி வீட்டார் மாதிரி ஆகிவிடும். அவர்கள் முதலில் பேசட்டும் என்று இது நிற்கும், இவர்கள் பேசட்டும் என்று அது நிற்கும். அதற்குள் பெல்ட் தன் இஷ்டத்துக்குத் தின்றுவிடும். இரண்டு வருஷத்தில் செய்த கத்திகளில் ஒன்றுகூட இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பிறகு யார் வீட்டிலும் அந்தக் கத்தியை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிற வேலை. நீளநீளமாக வருகிற மருந்துத் திரியைக் கட்டாகச் சேர்த்து, பலகையில் வைத்து, வெடிக்கு வேண்டிய அளவுக்குத் துண்டு போட வேண்டும். ஒரு சின்ன அறை. நாலு பெண்கள். நாள் முழுக்க அதுதான்.

அக்காவுக்குப் பாராட்டுகிற பழக்கம் கிடையாது. நான் பத்தாவது பாஸ் செய்து மார்க் சீட்டைக் காட்டியபோது, "எதுத்த வீட்டுப் பய எம்புட்டு?" என்று கேட்டாள். என் கல்யாணத்தில், மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தவனிடம் குனிந்து, ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்தேன், "சட்டைக் காலர் உள்ள மடிஞ்சு கெடக்குலே" என்றாள். நான் வீடு கட்டியபோது வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் ஒரு குறை கண்டுபிடித்தாள். அது உண்மையான குறைதான். இன்றைக்கும் அந்தக் கதவு வாளியில் இடிக்கிறது.

அப்பேர்ப்பட்டவள் போன புரட்டாசியில், தீபாவளி சீசன் உச்சத்தில், எனக்குப் போன் போட்டு, "ஏலே, நீ கத்தி செய்றயாம்ல? எனக்கு ஒண்ணு செஞ்சு தா" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

"கம்பெனிக் கத்தி சோத்துக் கரண்டியா இருக்கு. அமுக்கி அமுக்கி மணிக்கட்டு வீங்கிப் போச்சு. ஆனா இரும்பு கூடாது. பித்தளைதான். மஞ்சளா இருந்தாத்தான் உள்ள விடுவாக."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது. இரும்பில் இரும்போ கல்லோ உரசினால் பொறி வரும். அதனால் கத்தி, கரண்டி, சுத்தியல் எல்லாம் பித்தளையிலோ செம்பிலோ மரத்திலோ இருக்கும். பித்தளையில் பொறி வராது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததுதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

விருதுநகரில் ஒரு பாத்திரக் கடையில் சொல்லிவைத்து, தடிமனான பித்தளைப் பட்டை வாங்கினேன். மூன்று கத்திக்குக் காணும். பித்தளை உருக்கு மாதிரி முரண்டு பிடிக்காது, சொன்னதைக் கேட்கும். அதிகமாகவே கேட்கும். பெல்ட்டில் வைத்த மாத்திரத்தில் கரையும். புது பெல்ட் போட்டேன். பூனை பிறாண்டியது போல ஆழமாகக் கோடு விழுந்தது. உடனே என் மூளை வேலை செய்தது. உருக்குக் கத்திகளுக்கு ஓடி ஓடிக் கூர் மழுங்கிய பழைய பெல்ட் ஒன்று ஆணியில் தொங்கியது. அதை மாட்டினேன். பித்தளை கண்ணாடியாக வந்தது. எந்தத் தாடிக்காரனும் சொல்லாத வித்தையை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று கொட்டகைக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மூன்று செய்தேன். ஒன்று வழக்கம் போல இடப்பக்கம் சொதப்பியது. அதை மனைவியிடம் தள்ளிவிட்டேன். மற்ற இரண்டும் என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஒழுங்கான கத்திகள். இரண்டு பக்கமும் சரிவு தொடங்குகிற கோடு ஒரே உயரத்தில் ஓடியது. வெயிலில் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னியது. சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன். கறிக்குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பாட்டுக்கு முன்பே துணியை அவிழ்த்து இரண்டையும் அவள் முன்னால் வைத்தேன். எடுத்தாள். திருப்பினாள். கத்தி வாயில் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நீளவாக்கில் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்குலே" என்றாள்.

மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கும் அது புதுசு. நான் அன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. நாளைக்கே போர்மேனிடம் காட்டிவிட்டு உள்ளே கொண்டு போகச் சொன்னேன். சரி என்றாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி அந்த மூன்றாவது கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் அதில் துணிச் சோப்பை வெட்டிவிட்டு ஈரத்தோடு தொட்டித் திண்டிலேயே போட்டிருக்கிறாள்.

"ஏங்க, பித்தளை துருப் பிடிக்குமா?"

"பிடிக்காது. சோப்புக் கறையா இருக்கும்."

"கறைன்னா தேச்சாப் போகணும்ல? நீங்களே பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் சரிவு முழுக்கப் பொடிப்பொடியாகச் செம்பழுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. உள்ளுக்குள்ளிருந்து வந்திருந்தது.

பித்தளையில் துரு வராது. துரு இரும்பில்தான் வரும். அப்படியானால் பித்தளைக்குள் இரும்பு இருக்கிறது. அதை யார் உள்ளே வைத்தது? பிரஷ் வாயில் இருக்கக் கொட்டகைக்கு ஓடினேன். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று அங்கே கிடந்தது. அதை அந்தப் பழைய பெல்ட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். காந்தத்துக்குக் கறுப்பாக மீசை முளைத்தது.

இரண்டு வருஷமாக உருக்கு தின்ற பெல்ட். அதன் மணலுக்கு இடையில் உருக்குத் தூள் அடைந்து கிடந்திருக்கிறது. பித்தளையோ மெத்து மெத்தென்று இருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்தத் தூளையெல்லாம் எடுத்து அதன் வயிற்றுக்குள் பதித்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி வந்தது என்று சிரித்தேனே, அந்தக் கண்ணாடி முழுக்க இரும்பு. மேலே மஞ்சள், உள்ளே பொறி. அப்படி இரண்டு கத்திகளை நானே வேலை மெனக்கெட்டுச் செய்து, அக்காவின் கையில் கொடுத்து, மருந்துத் திரி அறைக்கு அனுப்பிவிட்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். மச்சானுக்குப் போட்டேன்.

"வேன் அப்பவே போயிருச்சே மாப்ளே."

"கத்தியக் கொண்டு போனாளா?"

"பைக்குள்ள வச்சதப் பாத்தேன். ஏன், என்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. ஆனைக்குட்டத்திலிருந்து சாத்தூர் போய், அங்கிருந்து ஏழாயிரம்பண்ணை ரோட்டைப் பிடிக்க வேண்டும். நான் அப்படி வண்டி ஓட்டியதில்லை, இனி ஓட்டவும் மாட்டேன். வழியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. ஒவ்வொரு ஆடும் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனது. ஆட்டுக்காரரைத் திட்டினேன். அவர் பதிலுக்கு என் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னார். வேறு நாளாக இருந்தால் இறங்கியிருப்பேன். அன்று அவர் சொன்னதே மூளையில் பதியவில்லை. மணி எட்டாகிவிட்டது என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குத் திரி வெட்ட உட்கார்ந்துவிடுவார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம். அவள் கை, மணிக்கட்டு வீங்கின அந்தக் கை, கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. மார்க் சீட்டைப் பிடித்திருந்த கை, என் காலரை எடுத்துவிட்ட கை. இவ்வளவு காலம் குறை சொன்னவள் ஒரே ஒரு தடவை நல்லாருக்கு என்றாள், அதற்கு நான் செய்த மரியாதை இது என்று நினைத்தபோது கண்ணை நீர் மறைத்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவும் பயம்.

கம்பெனி கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். வண்டியை வெகு தூரத்திலேயே போட்டுவிட்டு ஓடி, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டத்தை நிறுத்தினேன். ஏனென்றால் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் ஓடக் கூடாது. ஒருவன் ஓடினால் எதற்கு என்று கேட்காமல் எல்லாரும் ஓடுவார்கள். கத்தவும் கூடாது. "வெட்டாதீங்க!" என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் உள்ளே இருக்கிற அத்தனை பெண்களும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். பதறிப் போடுவதுதான் அங்கே ஆகாத காரியம். அதனால் நான் கோயிலுக்கு வந்தவன் மாதிரி நடந்து போய், வாட்ச்மேனிடம் மெல்லிய குரலில் பேசினேன்.

"அண்ணாச்சி, திரி ரூம்ல எங்க அக்கா இருக்கு. கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க. கையில இருக்கிறதக் கீழ வச்சுட்டு வரச் சொல்லுங்க. மெதுவா வைக்கச் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பற்பசை நுரை காய்ந்து வாயோரம் ஒட்டியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"சாவுச் சேதிங்களா?"

"இன்னும் இல்ல."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் என் குரல் விளங்கியது போல. உள்ளே போனார். அவரும் ஓடவில்லை, பழகின மனுஷன். அந்த நேரத்தில் போர்மேன் வந்தார், என்னைவிடச் சின்ன வயசு. நான் கத்தி என்று ஆரம்பித்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"ஓ, அந்தக் கத்தி செஞ்சது நீங்கதானா? காலையில அக்கா காமிச்சாங்க. நல்ல மஞ்சளா இருந்துச்சு, தாராளமா கொண்டு போங்கன்னுட்டேன்."

கேட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா நடந்து வந்தாள். அவசரமே இல்லாமல், திரி மருந்து ஒட்டின கறுத்த கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டோரத் தொட்டியில் கையைக் கழுவினாள். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் இருந்தன.

"என்னலே? யாருக்கு என்ன?"

"கத்தி எங்க?"

"எந்தக் கத்தி?"

"யக்கா, நான் குடுத்த கத்தி. அதுல வெட்டுனயா?"

அவள் போர்மேனைப் பார்த்தாள். வாட்ச்மேனைப் பார்த்தாள். கொஞ்சம் சங்கடப்பட்டாள். என் அக்கா சங்கடப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பையிலதான் கெடக்கு. அங்கன, சாப்பாட்டுக் கொட்டகையில மாட்டியிருக்கு."

"உள்ள கொண்டு போகலயா?"

"போகல."

"ஏன்?"

"ஏன்னா?" அவள் குரல் வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது. "அது வெட்டுனா சாயுதுலே. நேத்து நீ போனதும் வெண்டைக்காய வெட்டிப் பாத்தேன். கத்தி நேரா எறங்காம இடப்பக்கமா இழுத்துட்டுப் போவுது. வெண்டைக்காயே சாஞ்சு விழுகுது. திரிக் கட்ட வச்சா ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் கட்டையுமா வரும். அம்புட்டும் கழிவுல போகும். போர்மேன்கிட்டக் காமிக்கேன்னு உன்ட்டச் சொன்னேன், காமிச்சேன். வெட்டுறேன்னா சொன்னேன்?"

"நல்லாருக்குன்னியே."

"உன் மூஞ்சியப் பாத்தேன். குழம்பு ஆறுது, நீ பிள்ளை பெத்தவன் மாதிரி உக்காந்துருக்க. என்னத்தச் சொல்ல?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன், அல்லது சிரித்துக்கொண்டே அழுதேன். போர்மேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு, பழைய பெல்ட், துரு, காந்தம் எல்லாவற்றையும் சொன்னேன். வாட்ச்மேன் போய்ப் பையை எடுத்து வந்தார். கேட்டுக்கு வெளியே, வெகு தள்ளி, ஒரு வெள்ளைத் தாளில் கத்தியின் சரிவை நாணயத்தால் சுரண்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை ஓட்டினேன். மஞ்சள் தூள் சும்மா கிடந்தது. அதற்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிகள் மட்டும் எழுந்து காந்தத்தின் பின்னால் வரிசையாக நகர்ந்தன.

அக்கா அதைக் கடைசி வரை பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஈரக் கை, சுரீரென்றது.

"ஏலே, உள்ள நாலு பேரு இருக்கோம்லே" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கிளம்பும்போது போர்மேன் மெதுவாகக் கூப்பிட்டார். "அண்ணே, அந்தக் காந்தத்தக் குடுத்துட்டுப் போங்க." கம்பெனிக் கத்திகளும் வெளியே ஏதோ ஒரு சாணைப் பட்டறையில்தான் தீட்டி வருகின்றன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. கொடுத்தேன். திருப்பித் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து திருப்பி வாங்கிய அந்த இரண்டு கத்திகளையும் வீட்டுக்கு வந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கோடு ஒரே உயரம்தான். ஆனால் இடப்பக்கச் சரிவு தட்டையாக இறங்காமல் லேசாக உப்பியிருந்தது. கோட்டை மட்டும் சரியாகக் கொண்டுவந்துவிட்டு, அதற்குக் கீழே நடந்ததைப் பளபளப்புப் போட்டு மறைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த உப்பல்தான். அது மட்டும் ஒழுங்காக வந்திருந்தால் அக்கா எட்டு மணிக்கு வெட்ட ஆரம்பித்திருப்பாள்.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை மிஷினை அந்தப் பக்கமே சேர்க்கவில்லை. வேறு அறையில், வேறு மேசையில், தாள் பிரிக்காத புது அரம். கத்தியை மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, கையாலேயே ராவினேன். பளபளப்புக்கு உப்புத்தாள் போடாமல் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். கண்ணை நம்புவதையும் விட்டேன். அச்சகத்திலிருந்து தடித்த காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, சரிவு எப்படி இருக்க வேண்டுமோ அந்த அளவுக்குக் குறுகலாக ஒரு வெட்டு வெட்டி, கத்தி வாயை அதில் செருகி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகுகிறதோ அதன் பக்கத்தில் இருக்கிற மேட்டில் நீல மை பூசி, மை போகிற வரைக்கும் ராவுவேன். பிறகு மறுபடி அட்டை. மூன்று வாரம் ஓடியது. மனைவி கரகாட்டம் நின்றுபோனதைப் பற்றி விசாரித்தாள்.

முடிந்ததும் கத்தியை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். பித்தளை கறுத்தது, பழுப்புப் புள்ளி ஒன்றுகூட வரவில்லை. புதுக் காந்தம் ஒன்று வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஆறேழு தடவை ஓட்டியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. நல்லாருக்கு என்று சொல்லிவிடுவாளோ என்று.

இந்தத் தடவை முகத்தை அவளுக்குக் காட்டவில்லை. கத்தியைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. சணல் கயிறுகளைக் கட்டாகச் சேர்த்துப் பலகையில் வைத்து வெட்டினாள். மறுபடி வெட்டினாள். துண்டுகளை நிமிர்த்தி வைத்துப் பார்த்திருப்பாள், கொஞ்ச நேரம் சத்தமில்லை. மச்சான் தொண்டையைச் செருமினார்.

"பிடி தடியா இருக்குலே" என்றாள் அக்கா. "என் கைக்கு ஒரு சுத்து கொறைக்கணும். முதுகு ஓரம் உள்ளங்கையில உறுத்துது. நுனி எதுக்கு இம்புட்டுக் கூரா? யாரைக் குத்தப் போறோம்? மொட்டையா எடுத்துரு. அப்புறம் என்னலே இது, பித்தளைய வாங்கிட்டு வந்து கறுப்படிச்சு வச்சிருக்க?"

நான் திரும்பினேன். "சரிவு?"

"அதுக்கென்ன?"

"ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, சணல் துண்டுகளை முறத்தில் கூட்டி அள்ளினாள். எல்லாத் துண்டும் ஒரே நீளம்.

பிடியை அங்கேயே உட்கார்ந்து இழைத்துக் கொடுத்தேன். நுனியைக் கையோடு கொண்டு போயிருந்த அதே புது அரத்தால் மொட்டையாக்கி, கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்து மஞ்சளாக்கினேன். அவள் கத்தியைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். வழியில் சாத்தூரில் வண்டியை நிறுத்தி அரைக் கிலோ சேவு வாங்கினேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். பிடி தடியா இருக்குன்னு அக்கா சொல்லிட்டா என்றேன்.